மின்சாரம் போனால் கிணறும் போய்விடும்: கனடாவின் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலயங்கள், முதியோர் மன்றங்கள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

நான் ஒன்ராறியோவின் கிரே கவுன்ரியில், 10ஆம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே விலகிப் போகும் ஒரு சரளை வீதியில் குடியிருப்பவன். நான் இங்கே வந்த காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காண்பதே அரிது. இப்போது ஷெல்பேர்ணிலும் டண்டோக்கிலும் கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் தமிழ் கேட்கிறது. லிண்ட்சே, பீற்றர்பரோ, ஒறிலியாப் பக்கமும் அப்படித்தான் என்று அங்கிருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நெருக்கமான ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் காசில் இங்கே வீடும் காணியும் கராஜும் சேர்ந்தே கிடைக்கின்றன. "ஊரில இருந்த மாதிரி வளவோட ஒரு வீடு" என்று அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருக்கிறது.

கூடவே பயமாகவும் இருக்கிறது. இந்த வீடுகளைப் பெரும்பாலும் கோடையில்தான் பார்த்து வாங்குகிறார்கள். புல் பச்சையாக இருக்கும், வீதி திறந்திருக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சூடு எதனால் வருகிறது, இரண்டும் எப்போது நின்றுபோகும் என்பது முதல் டிசம்பர் வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தக் குடும்பங்களைப் பனிப்புயலுக்கு ஆயத்தப்படுத்தும் வேலையை நீங்கள் எடுத்துச் செய்யுங்கள். அதையும் ஒக்ரோபருக்குள் செய்யுங்கள்.

இது அரசாங்கத்தின் வேலை அல்லவா என்று கேட்பீர்கள். அரசாங்கம் தன் பங்கைச் செய்கிறது. ஒவ்வொரு வீடும் குறைந்தது 72 மணிநேரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. தண்ணீர், உணவு, டோர்ச் லைற், பற்றரி என்று பட்டியலும் தருகிறது. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவருக்கு எங்கள் வீட்டுப் பழக்கம் தெரியாது. மின்சாரம் போனதும் எங்கள் அப்பா எதைத் தேடுவார், அம்மா எதைப் பற்றவைப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது தெரிந்தவர்கள் சொன்னால்தான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

ஸ்காபரோவில் இருபது வருடம் பனி பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்ற கேள்வி அடுத்து வரும். ரொறன்ரோ பார்க்கும் பனி வேறு, ஏரிக்கரைப் பக்கத்து மேட்டுநிலம் பார்க்கும் பனி வேறு. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று இன்னும் உறையாத ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடக்கும்போது, ஏரியின் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு கரையேறுகிறது. ஏறியதும் ஒடுங்கிய பட்டைகளாகக் கொட்டுகிறது. ஒரு பட்டை ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மணிக்கணக்காக அங்கேயே கொட்டும். கொஞ்சத் தூரம் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ற் பகுதியில் இப்படித்தான் ஒரு மீற்றருக்கும் மேலே பனி குவிந்தது. 11ஆம் நெடுஞ்சாலை மூடப்பட்டது. நகரம் அவசரநிலை அறிவித்தது. அப்போது டிசம்பர்கூடச் சரியாகப் பிறந்திருக்கவில்லை.

2010 டிசம்பரில் சார்னியாவுக்கு அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் 300க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாகனங்களுக்குள் சிக்கிக்கொண்டார்கள். இராணுவ ஹெலிகொப்ரர்கள் வந்து தூக்க வேண்டியிருந்தது. அது சமதரையில் போகும் நாலுவழிப் பெருந்தெரு. எங்கள் சரளை வீதிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பனியைவிட நான் அதிகம் பயப்படுவது மின்வெட்டுக்குத்தான். நகரத்தில் மின்சாரம் போனால் விளக்கும் தொலைக்காட்சியும் போகும். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். கிராமத்து வீட்டில் அப்படி இல்லை. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அதன் அடியில் இருக்கும் மோட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் நின்றால் பேஸ்மென்ற்றில் இருக்கும் அழுத்தத் தாங்கியில் எஞ்சிய தண்ணீர் மட்டும்தான், சில வாளிகள். கழிவறையை இரண்டு மூன்று தடவை பாவித்தாலே அது முடிந்துவிடும். சூடும் அப்படித்தான். "எங்கட வீடு புரோப்பேன், கரண்ட் போனாலும் பயமில்லை" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். புரோப்பேனோ எண்ணெயோ, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைப் பற்றவைப்பதும் சூட்டை வீடெங்கும் தள்ளும் விசிறியைச் சுற்றுவதும் மின்சாரம்தான். தாங்கி நிறைய எரிவாயு இருக்கும், வீடு குளிர்ந்துகொண்டே போகும். நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வராமல் இறைக்கும் பம்பும் நின்றுவிடும். சில வீடுகளில் கழிவுநீரைத் தள்ளுவதற்கும் ஒரு பம்ப் இருக்கிறது, அதுவும் நிற்கும்.

எத்தனை நாளைக்கு? 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவிலும் தெற்குக் கியூபெக்கிலும் பெய்த உறைபனி மழை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு மின்கோபுரங்களைச் சரித்தது. சில கிராமங்களுக்கு ஒரு மாதம் வரை மின்சாரம் வரவில்லை. அது பழைய கதை என்று நினைத்தால், 2025 மார்ச் கடைசியில் ஒறிலியா, கவார்த்தா லேக்ஸ், பீற்றர்பரோப் பகுதிகளில் நடந்ததைப் பாருங்கள். மின்சாரம் விநியோகிக்கும் ஹைட்ரோ வன் நிறுவனத்தின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் அந்த உறைபனி மழையில் பாதிக்கப்பட்டன. சில வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக இருட்டில் இருந்தன. மின்கம்பி திருத்துபவர்கள் இரவு பகலாக வேலை செய்தாலும், அதிகம் பேருக்கு மின்சாரம் தரும் பெரிய இணைப்புகளைத்தான் முதலில் திருத்துவார்கள். நாலு வீடு மட்டும் இருக்கும் ஒரு வீதியின் முறை கடைசியில்தான் வரும். அதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஆட்கள் அதைத் தெரிந்துகொண்டு இங்கே வர வேண்டும், அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் முதியோர் மன்றங்களில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. வருடக்கணக்காக வரவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களிடம் போய் "மின்வெட்டுக்கு ஆயத்தப்படுங்கள்" என்றால், "நாங்கள் பார்க்காத மின்வெட்டா தம்பி" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்த மனத்துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் ஊரில் எங்கள் வீடு காற்றோட்டமான வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தது. குசினி தனியாக இருந்தது. யன்னல் திறந்தே கிடந்தது. புகை தன்பாட்டில் வெளியே போனது. இங்குள்ள வீடு சூடு வெளியேறக்கூடாது என்பதற்காகவே அடைத்துக் கட்டிய வீடு. சூடு போகாத இடத்தால் புகையும் போகாது.

கோடைகால ஒன்றுகூடலில் கோழி வாட்டிய அதே கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து குளிர்காய்ந்தால், அறையில் காபன் மொனொக்சைட் நிறையும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. முதலில் தலையிடிக்கும், பிறகு குமட்டும், உடம்பு சோர்ந்து நித்திரை வரும். தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்துக்கொண்டு படுப்பவர் எழும்புவதில்லை. கரி அடுப்பு, முகாம்களுக்குக் கொண்டுபோகும் சின்ன காஸ் அடுப்பு, கராஜுக்குள் ஓடும் ஜெனரேற்றர் எல்லாமே இதைச் செய்யும். கராஜ் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. சமையலறை காஸ் அடுப்பைப் பற்றவைத்து வீட்டைச் சூடாக்குவதும் கூடாது. 1998இல் இறந்தவர்களில் குளிரால் இறந்தவர்களோடு இந்த நச்சுவாயுவால் இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

மின்சாரம் இருக்கும்போதுகூட இது நடக்கும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்று நால்வரும் இறந்துபோனார்கள். புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. தாய் ஒரு காவல்துறை அதிகாரி. அவர்களுடைய உறவினர்கள் விடாமல் போராடியதால்தான் 2013இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. எரிபொருள் பாவிக்கும் வீடுகளில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமானது. அந்தச் சட்டத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் எத்தனை தமிழ் வீடுகளில் அலாரம் பற்றரி கழற்றப்பட்டுக் கிடக்கிறது என்பதை நீங்கள் வீட்டுக்கு வீடு போய்ப் பாருங்கள். சமைக்கும்போது சத்தம் போடுகிறது என்று புகை அலாரத்தைக் கழற்றும் கையோடு இதையும் கழற்றிவிடுகிறார்கள். பற்றரியில் ஓடும் அலாரம், அல்லது மின்சாரம் போனாலும் பற்றரியில் தொடரும் அலாரம், ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு ஒன்றுக்கும் காசில்லை என்றாலும் இதற்குக் காசு தேடுங்கள்.

புகை வெளியேறும் அந்த வழியைப் பனியே அடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதைய ஃபேர்னஸ்கள் பலவற்றுக்குப் புகைபோக்கி கூரையில் இல்லை. வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது கழிவுவாயுவை விடும். காற்று பனியைச் சுவரோரம் குவிக்கும்போது அவை மூடப்பட்டுவிடும். அப்போது ஃபேர்னஸ் தானாக நின்றுவிடலாம், அல்லது அதைவிட மோசமானது நடக்கலாம். புயலின் நடுவிலும் யாராவது ஒருவர் வெளியே போய் அந்தக் குழாய்களைச் சுற்றித் துப்புரவாக்க வேண்டும். அவை எந்தச் சுவரில் இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே நிற்கும் புரோப்பேன் தாங்கியின் மேல்மூடியும் ரெகுலேற்றரும் அப்படித்தான். பனிக்குள் புதைந்தால் சரியாக வேலை செய்யாது. தாங்கிக்குப் பக்கத்தில் உயரமான தடி ஒன்றை நட்டு வைத்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். முக்கால்வாசி முடியும் வரை பார்த்திருக்காமல், 30 சதவீதத்துக்கு வந்தவுடனேயே ஓர்டர் கொடுத்துவிட வேண்டும். டிரைவ்வே துப்புரவாக இல்லாவிட்டால் லொறிக்காரர் திரும்பிப் போய்விடுவார்.

விறகு அடுப்பு இருக்கும் வீட்டுக்காரர் பாக்கியசாலிகள். மின்சாரம் இல்லாமலும் அது எரியும், அதில் சமைக்கலாம். ஆனால் இந்த வருடம் வெட்டிய மரம் இந்த வருடம் எரியாது. ஈர விறகு புகைந்து, புகைபோக்கிக்குள் தார் போல் ஒரு படிவை ஒட்டவைக்கும். பிறகு ஒரு நாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும். புகைபோக்கியை இலையுதிர்காலத்திலேயே ஆள் பிடித்துத் துப்புரவாக்க வேண்டும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அணைந்ததாகத் தெரியும் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். கடதாசிப் பையில் போட்டு மரப்படியில் வைத்து வீட்டைக் கொளுத்தியவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

ஜெனரேற்றர் வாங்குபவர்களுக்குச் சில விசயங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்ன ஜெனரேற்றர் 120 வோல்ற் மட்டும் தரும். கிணற்று மோட்டர் பெரும்பாலும் 240 வோல்ற். ஆகவே வாங்கிக் கொண்டுவந்து வைத்தவர், மின்சாரம் போன இரவில்தான் தண்ணீர் வராது என்று கண்டுபிடிப்பார். வாங்கும் முன்னமே பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். ஜெனரேற்றர் வீட்டை விட்டு ஆறு மீற்றராவது தள்ளி வெளியில், யன்னல்களுக்கு எதிர்த்திசையில் புகை போகும்படி நிற்க வேண்டும். இன்னொன்றும் சத்தமாகச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் முள் வைத்த வயர் செய்து, ஜெனரேற்றரைச் சுவர் பிளக்கில் செருகக்கூடாது. அந்த மின்சாரம் வெளியே கம்பத்துக்குப் போய், அங்கே உயர் அழுத்தமாக மாறி, எங்களுக்காகக் குளிரில் கம்பி திருத்திக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியைக் கொல்லும். ஊரில் இப்படிச் செய்து பழகிய கைகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. முறையான மாற்று சுவிட்ச்சை உரிமம் உள்ளவர்தான் பொருத்த வேண்டும், மின் பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனையும் வேண்டும். புயல் அறிவிப்பு வந்த பிறகு அந்த ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எச்சரிக்கை வந்தவுடன் குளியல் தொட்டியை நிரப்புங்கள், பெரிய சமையல் பானைகளை நிரப்புங்கள். கழிவறைக்கு அது போதும். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் போத்தல் தண்ணீர், சமையலுக்கு அதற்கு மேல். வெளியேதான் இவ்வளவு பனி கிடக்கிறதே என்றால், பெரிய பானை நிறையப் பனியை உருக்கினால் அடியில் கொஞ்சத் தண்ணீர்தான் மிஞ்சும். வீடு உறையும் நிலைக்குப் போனால் கிணற்று மோட்டரின் பிரேக்கரை நிறுத்திவிட்டு, கீழ்த்தளக் குழாய்களைத் திறந்து குழாய்களில் உள்ள தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். வெடித்த குழாய் புயலில் தெரியாது. சூடு திரும்பி வந்த பிறகுதான் சுவருக்குள்ளிருந்து கொட்டும். சூடு இல்லாத வீட்டில் எல்லோரும் ஒரே அறைக்குள் இருங்கள். தெற்குப் பார்த்த சிறிய அறை நல்லது. வாசலிலும் யன்னலிலும் போர்வை தொங்கவிடுங்கள். வீட்டுக் கழிவுநீர் சேரும் செப்ரிக் தாங்கிக்கும் அதன் வடிகாலுக்கும் மேலே கிடக்கும் பனியை அப்படியே விட்டுவிடுங்கள். மிதித்து இறுக்கினாலோ வாகனம் ஓட்டினாலோ குளிர் கீழே இறங்கிக் குழாய் உறையும்.

வீதியைப் பற்றி ஒரு விசயம் தெரிந்தால் பலர் திகைப்பார்கள். ஒன்ராறியோவில் நகரசபைகள் வீதிகளை எந்த நேரத்துக்குள் துப்புரவாக்க வேண்டும் என்பதற்கு மாகாண ஒழுங்குவிதி இருக்கிறது, 239/02 என்று பெயர். போக்குவரத்தையும் வேக எல்லையையும் வைத்து வீதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் வகுப்பு வீதிக்கு, பனி கொட்டி ஓய்ந்த பிறகு 24 மணிநேரத்துக்குள் ஆழத்தை 10 சென்ரிமீற்றருக்குக் குறைத்தால் போதும். ஆறாம் வகுப்புக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. சபை "பாரிய வானிலை நிகழ்வு" என்று அறிவித்துவிட்டால் அந்த நேரக்கணக்கும் நிகழ்வு முடியும் வரை நிற்கும். பனி ஓய்ந்த பிறகு 24 மணிநேரம் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் கொட்டினால் மூன்றாம் நாள்தான் வீதி. அதன் பிறகும் உங்கள் டிரைவ்வே உங்கள் பொறுப்பு. இங்கே டிரைவ்வே சில நூறு அடி நீளம் இருக்கும். சவளால் தள்ளி முடியாது. ட்ரக்கும் அதில் பூட்டிப் பனி தள்ளும் பனித்தகடும் வைத்திருக்கும் ஒருவரை செப்ரெம்பரிலேயே பேசிப் பதிந்து வைக்க வேண்டும். நவம்பரில் அவர்களுடைய பட்டியல் நிரம்பிவிடும். நிலம் உறையும் முன் இரு ஓரத்திலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும் தடிகளை நட வேண்டும். வீதியோரத்தில் நிற்கும் அவசர இலக்கப் பலகையைச் சுற்றிப் பனியை விலக்க வேண்டும், அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அதைப் பார்த்துத்தான் வரும்.

இதையெல்லாம்விட என் மனதில் நிற்பது வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர். பிள்ளைகள் வேலைக்கு பிராம்ப்ரனுக்கும் மிசிசாகாவுக்கும் போகிறார்கள். மதியம் வானம் தெளிவாக இருக்கும். மூன்று மணிக்குப் புயல் பட்டை வரும், நாலு மணிக்குக் காவல்துறை 10ஆம் நெடுஞ்சாலையை மூடும். மகன் ஒறேஞ்வில்லில் ஒரு கோப்பிக் கடையில் இருப்பார், அம்மாவும் அப்பாவும் இங்கே இருட்டில் இருப்பார்கள். வீட்டுத் தொலைபேசி இணையத்தோடு சேர்ந்து போய்விட்டிருக்கும். மகனுக்கு மனம் அடித்துக்கொள்ளும், மூடிய வீதியால் வரப் பார்ப்பார். அவர் வரக்கூடாது. பக்கத்து நாடான அமெரிக்காவின் பபலோ நகரில் 2022 கிறிஸ்மஸ் புயலில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எச்சரிக்கை நாட்கணக்கில் முன்னமே வந்திருந்தது. வாகனத்துக்குள் இறந்தவர்கள், சூடில்லாத வீட்டுக்குள் இறந்தவர்கள், பனி தள்ளும்போது நெஞ்சுவலி வந்து இறந்தவர்கள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். அம்புலன்ஸ்களாலேயே போக முடியவில்லை.

அந்த நெஞ்சுவலி எங்களுக்கு நெருக்கமான விசயம். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பனி அதிகம் கொட்டியதற்கு அடுத்த நாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் கண்டார்கள். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எங்கள் வீடுகளில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். "கொஞ்சம்தானே, நானே தள்ளிவிடுறன்" என்று அறுபத்தைந்து வயதில் சவளைத் தூக்கும் அப்பாவைத் தடுக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் பயன் இல்லை. குளிரும் வீட்டில் அதை உடம்போடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். மாத்திரை இரண்டு கிழமைக்குக் கையிருப்பில் இருக்க வேண்டும். வீட்டின் அவசர இலக்கமும் வீதிப் பெயரும் ஆங்கில எழுத்தில் பெரிதாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்க வேண்டும். 911க்கு அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி பல இடங்களில் உண்டு. இது எத்தனை அம்மாக்களுக்குத் தெரியும்?

இப்போது உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன்.

ஒன்ராறியோ 2014இல் சட்டமியற்றி ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்கியது. உங்கள் நாட்காட்டியில் ஜனவரி நிரம்பியிருக்கும். மண்டபம் கிடைக்காது, பொங்கல், கலைநிகழ்ச்சி, மலர் வெளியீடு. அத்தனையும் வேண்டும். ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமையை இதற்குத் தாருங்கள். நன்றி நவிலல் நீண்ட வார இறுதிக்கு முந்தியது நல்லது. மண்டபத்தில் பேச்சு வேண்டாம், மாலை வேண்டாம். ஏற்கெனவே கிராமத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் நடத்துங்கள். ஜெனரேற்றரை இயக்கிக் காட்டுங்கள், வெள்ளைக் குழாய்களைத் தொட்டுக் காட்டுங்கள், கிணற்று பிரேக்கரை நிறுத்திக் காட்டுங்கள். கையால் ஒரு தடவை செய்தவர் இருட்டிலும் செய்வார்.

வீடு விற்பனை முகவர்கள் உங்கள் விழா மலரின் பின்னட்டையில் விளம்பரம் தருகிறார்கள், மேடையில் பொன்னாடை பெறுகிறார்கள். கிராமத்தில் வீடு விற்கும் முகவர் ஒவ்வொருவரும், கையெழுத்து வாங்கும் முன்பே, சூடு எதில் வருகிறது, மின்சாரம் போனால் என்ன நிற்கும், வீதி எந்த வகுப்பு, பனி யார் தள்ளுகிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். வீடு கைமாறும் நாளில் ஒரு காபன் மொனொக்சைட் அலாரத்தைப் பரிசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பூங்கொத்தைவிட அது மலிவாகவே முடியும்.

தமிழ் வானொலிகளே, மரண அறிவித்தலை நீங்கள் எவ்வளவு கவனமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள்! பனிப்புயல் எச்சரிக்கையையும் அப்படி வாசியுங்கள். எந்த ஊர், எத்தனை மணி, தொட்டியை நிரப்புங்கள், கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள் என்று. கொண்டுவந்த பிறகு கேட்கும் செய்தியால் பயன் இல்லை.

ஊர்ச் சங்கங்களிடம் உறுப்பினர் தொலைபேசிப் பட்டியல் இருக்கிறது. செத்தவீட்டுக்கு ஒரு மணிநேரத்தில் ஊர் முழுவதற்கும் செய்தி போவதை நான் பார்த்திருக்கிறேன். அதே பட்டியலில் கிராமங்களில் இருப்பவர்களைக் குறித்து வையுங்கள். எச்சரிக்கை வந்தால் ஒவ்வொரு முதியவருக்கும் யாராவது ஒருவர், புயலுக்கு முன் ஒரு தடவையும் மின்சாரம் போனபின் தொலைபேசி உயிரோடு இருக்கும்வரை அவ்வப்போதும் அழைத்துக் கதைக்க வேண்டும். பதில் இல்லை என்றால் யாருக்கு அடுத்த அழைப்பு என்பதும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த அடுத்த பெயர் பக்கத்து வீட்டு விவசாயியுடையதாக இருக்கட்டும். பக்கத்து வீடு என்றால் இங்கே அரைக் கிலோமீற்றர் தள்ளித்தான். ஆனால் அவரிடம் ட்ரக்ரர் இருக்கிறது, தலைமுறையாக இந்தப் பனியைத் தெரியும், கதவைத் தட்டினால் வருவார். புதிதாக வந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோய் அறிமுகமாகிக்கொள்ளட்டும். வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறார்கள் எங்கள் ஆட்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தை உடைப்பதும் உங்களால் முடிந்த வேலை. முதல் தடவை கூடப் போங்கள்.

இந்த ஒக்ரோபர் செய்முறைப் பயிற்சியின் முதல் முகாமை ஷெல்பேர்ண், டண்டோக் பக்கத்தில் வைக்க விரும்பும் சங்கத்துக்கு என் முற்றத்தைத் தருகிறேன். ஜெனரேற்றர் இருக்கிறது, விறகு அடுப்பு இருக்கிறது, வருபவர்களுக்குத் தேநீரும் இருக்கும். லிண்ட்சேயிலும் ஒறிலியாவிலும் இருக்கும் நண்பர்களும் தங்கள் முற்றத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள் திகதியைச் சொல்லிவிடுங்கள். பனித்தகடு வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரை அன்றைக்கே அழைத்துவந்து எங்கள் குடும்பங்களோடு பேசிப் பதியவைக்கலாம், அதற்குப் பிந்தினால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

அன்புடன்,
கிரே கவுன்ரியிலிருந்து உங்களில் ஒருவன்